பந்தல்காலும் அப்பன் தும்மலும்

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் மூக்கைத் தவிர. தாளில் அங்கங்கே மை தெறித்திருப்பதைப் பார்த்து, அப்பனுக்குக் கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. கை நன்றாகத்தான் இருக்கிறது. மாசி வந்தது, சவுக்கு பூத்தது, நான் தும்முகிறேன். ஒவ்வொரு தெறிப்பையும் ஒரு தும்மல் என்று வைத்துக்கொண்டு படி. இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைத்துப் படிக்கவும் வேண்டாம். திருச்சியில் உன்னோடு ஒரே அறையில் இருக்கிற ரயில் ஆபீஸ் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களும் கல்யாணத்துக்கு வரப்போகிறவர்கள்தானே. மாப்பிள்ளையின் தகப்பன் எப்படிப்பட்டவன், எங்கே உட்கார்ந்திருப்பான், என்ன சத்தம் போடுவான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வரட்டும்.

உன் கார்டு வந்தது. தாலி கட்டும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நான் பின்வீட்டில் இருந்துவிட்டுப் பந்திக்கு வந்தால் போதும் என்று பெண் வீட்டார் கேட்பதில் பெரிய தவறில்லை என்றும், அதற்கு மனம் இல்லாவிட்டால் பழைய மூக்குப்பொடி டப்பாவையாவது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறாய். முத்து முத்தான கையெழுத்து. உன் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் வாசற்படியில் நின்று, "மூக்க மட்டுந்தான் ஒங்ககிட்ட வாங்கியிருக்கான்னு நெனச்சேன். பயத்தையும் சேத்து வாங்கியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரே பேச்சில் அப்பனுக்கும் மகனுக்கும் பங்கு வைத்துக் கொடுப்பதில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை.

என் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு நிதானமாகப் பேசுவோம். நான் வருவேன். பின்வீட்டுக்குப் போக மாட்டேன். மணவறைக்கு முன்னால், தகப்பன் உட்காரும் இடத்தில் உட்காருவேன். தும்மல் வந்தால் தும்முவேன். பொடி டப்பா கொண்டுவர மாட்டேன். அதை இன்று காலை கிணற்றில் போட்டாயிற்று. மூழ்காமல் மிதந்தது. உள்ளே ஒன்றும் இல்லாததுதானே.

நிச்சயத்துக்குப் பாக்கு மாற்றிய அன்று நீ இல்லை, மாப்பிள்ளை அங்கே இருக்கும் வழக்கமும் இல்லை. நடந்ததை நீ அவர்கள் வாயால்தான் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். கறம்பக்குடிக்கு நாங்கள் போனது கரி கேஸில் ஓடுகிற பஸ். இந்தச் சண்டை வந்து பெட்ரோல் போனதிலிருந்து பஸ்ஸும் என்னைப் போல ஆகிவிட்டது. மேடு வந்தால் இரைக்கிறது, இருமுகிறது, நான்கு பேர் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் புகையில்கூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பந்தி வீட்டில் கூடம் நிறைய ஜனம். தட்டு மாற்ற இரண்டு பக்கமும் கை நீண்டது. நான் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தேன், வந்துவிட்டது. ஒரே ஒரு தும்மல். ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டை என்றால் தோஷமில்லை என்பது நம் பக்கத்துக் கணக்கு. இரண்டாவதை வரவழைக்க நான் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினேன், முற்றத்து வெயிலை அண்ணாந்து பார்த்தேன், மீசையை மூக்குக்குள் தள்ளிப் பார்த்தேன். வேண்டாத நேரத்தில் வரிசை கட்டி வருகிற தும்மல், கூப்பிட்டால் வரவில்லை.

பெண்ணின் பெரியப்பா எழுந்தார். அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். "எல்லாரும் செத்த உக்காருங்க. தண்ணி குடிச்சிட்டு எந்திரிப்போம்" என்றார். செம்பு செம்பாகத் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு எழுந்தோம். மறுபடி கை நீண்டது. மறுபடி வந்துவிட்டது. நான் விடவில்லை. "அந்தா, ரெண்டாவதும் வந்துருச்சு. ரெட்டையாச்சுல்ல, தட்ட மாத்துங்க" என்றேன். அவர் ஒரு வக்கீல் மாதிரி என்னைப் பார்த்து, "நடுவுல தண்ணி குடிச்சாச்சுங்களே. மொதத் தும்மல் தண்ணியோட போயிருச்சு. இது புதுசு. இதுவும் ஒத்தைதான்" என்றார். பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். உன் ஆத்தா சபை என்றும் பார்க்காமல் எழுந்து வந்து என் தோளிலிருந்து அங்கவஸ்திரத்தை உருவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு, "இத வெளிக்கொடியில காயப்போட்டது யாரு?" என்று கேட்டாள். நான்தான். அவசரத்தில் நானேதான் துவைத்துச் சவுக்குத் தோப்புப் பக்கத்துக் கொடியில் போட்டிருந்தேன். என் மூக்கின் எதிரியை இஸ்திரி போட்டு மடித்து, தோளில் சுமந்துகொண்டு, பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக் கறம்பக்குடி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். துணி போன பிறகு தட்டு நல்லபடியாக மாறியது. ஆனால் பெரியப்பா மனத்தில் அந்தத் தும்மல் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வாரம் சம்பந்தி தோப்புக்கு வந்தார், பந்தலுக்குக் கழி பார்க்க. நல்ல மனிதர். ஒவ்வொரு கழியாகத் தட்டிப் பார்த்தார், நேராக இருக்கிறதென்றார், இந்த நீளத்தில் அவர்கள் பக்கம் கிடைக்காதென்றார். எல்லாம் பேசி முடித்தபின் மண்ணைக் காலால் கீறிக்கொண்டே, "அண்ணன் ஒரு வார்த்த சொல்லச் சொன்னாரு. ஒங்களுக்கே தெரியும், ஒங்க ஒடம்பு வாகு அப்பிடி. தாலி ஏறுற நேரம் மட்டும் செத்த அங்கிட்டு…" என்று இழுத்தார். நான் சிரித்துக்கொண்டே, "கழி வேணும், தகப்பன் வேணாம். அப்பிடித்தானுங்களே?" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவர் என்ன செய்வார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசிப்பதற்குள் உன் கார்டு வந்துவிட்டது.

தம்பி, இந்தத் தும்மல் எனக்குப் புதிதில்லை. சின்னப் பிள்ளை தும்மினால் பக்கத்தில் இருப்பவர்கள் "நூறு" என்பார்கள், மறுபடி தும்மினால் "இருநூறு" என்பார்கள். உனக்கு உன் ஆத்தா சொல்லியிருக்கிறாள். மாசி மாதத்தில் நீ தும்முகிற தும்மலுக்கு உன் ஆயுசு ஆயிரக்கணக்கில் ஏறும், அவளுக்கு வாய் வலிக்கும். பிள்ளை தும்மினால் ஆசீர்வாதம். அதே பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டால் அதே தும்மல் அபசகுனம். நடுவில் எந்த நாளில் அது மாறுகிறது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை. எனக்கு மாறிய பிறகு, கட்டுமாவடிக்கு மீன் எடுக்கப் போகிற வண்டிக்காரர்கள்கூட மாசி பங்குனியில் நம் வீட்டு வழியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுற்றுவழியில் மணலில் சக்கரம் புதைந்தாலும் அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

உன் ஆத்தாவைப் பெண் பார்க்கப் போனதும் ஒரு பங்குனியில்தான். போன காரியம் கெடக்கூடாதென்று மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன். பெயர் கேட்டார்கள், நான் சொன்ன பெயர் யாருக்கும் புரியவில்லை. மாப்பிள்ளைக்கு நாக்கில் குறையா என்று பேச்சு வந்ததும் பஞ்சை எடுத்தேன். எடுத்ததுதான் தாமதம், அடைத்து வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. உன் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "மாடு தும்முனா மூக்குல என்னமோ ஏறியிருக்குன்னு பாக்குறீங்க. மனுசன் தும்முனா மட்டும் எந்திரிச்சுப் போறீங்களே." யார் பேசினது என்று உன் தாத்தா உள்ளே போய் அதட்டியதெல்லாம் பிறகு. எனக்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது. முகத்தைப் பார்க்காமலே சரி என்று சொன்னவன் நான். பார்க்க முடியவும் இல்லை, கண் இரண்டும் வீங்கியிருந்தது.

கல்யாணமானபின் ஊரில் நாலு இடத்துக்குப் போக வேண்டுமே. அப்போதுதான் எனக்கு அந்த அதிபுத்தி வந்தது. பொடி போட்டுத் தும்மினால் சகுனக் கணக்கில் சேராது, சளிப் பிடித்துத் தும்மினாலும் சேராது. மாசம் முழுக்கச் சளி என்றால் நம்ப மாட்டார்கள், பொடி என்றால் நம்புவார்கள். ஒரு பித்தளை டப்பா வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தும்மல் வரும்போல் இருந்தால் டப்பாவைத் திறந்து இரண்டு விரலை உள்ளே விட்டு எடுப்பேன். அவ்வளவுதான், பொடிக்காரன் என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் ஒரு சிட்டிகைகூட நான் போட்டதில்லை. யாராவது "ஒரு சிட்டிக குடுங்க" என்று கை நீட்டினால், இப்போதுதான் தீர்ந்தது என்பேன். ஊரில் எனக்குக் கஞ்சன் என்று பெயர் வந்தது. அபசகுனத்துக்குக் கஞ்சன் மேல் என்று இருந்துவிட்டேன். இந்த வித்தையைத்தான் நீ எனக்கே திருப்பிச் சொல்லிக்கொடுக்கிறாய்.

எதனால் தும்முகிறேன் என்பதைக் கண்டுபிடிக்கவும் எனக்கு வெகுகாலம் ஆயிற்று. முதலில் மாம்பூ என்று நினைத்தேன். கொல்லையில் நின்றதே ஒட்டு மா, நீ ஏறி விளையாடின மரம், பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்ததை வெட்டினேன். நீ அழுதாய். உன் ஆத்தா அழவில்லை. அந்த வருஷம் முழுவதும் ஊறுகாய் இல்லாமல் எனக்குக் கஞ்சி ஊற்றினாள். மறு மாசியில் மரமும் இல்லை, தும்மல் மட்டும் இருந்தது. அப்புறம் வேம்பு என்றேன், புங்கை என்றேன். உன் ஆத்தா அரிவாளை எடுத்து ஒளித்து வைத்ததால் அவை பிழைத்தன. கண்ணுக்குத் தெரிகிற பூவையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, கண்ணெதிரே காடாக நின்ற என் சவுக்கின் மேல் சந்தேகமே வரவில்லை. சவுக்கு பூக்கும் என்றே நான் நினைத்ததில்லை. நட்டு, தண்ணீர் ஊற்றி, வெட்டி விற்கிற எனக்கே தெரியவில்லை.

காட்டிக்கொடுத்தது ஒரு வெள்ளை வேட்டி. நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டிருந்தேன். சாயங்காலம் எடுக்கும்போது கடலைப் பார்த்த பக்கம் மட்டும் மஞ்சள் பூத்தாற்போல் இருந்தது. வீட்டைப் பார்த்த பக்கம் வெள்ளையாகவே இருந்தது. முகர்ந்தேன், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் தோப்புக்குப் போய் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தால், நுனியெல்லாம் துரு ஏறின மாதிரி செம்பழுப்பு. துண்டை விரித்துத் தட்டினேன். மாவு சலித்தாற்போல் தூள் கொட்டியது. காய் பிடிக்கிற மரத்தில் அது இல்லை, காய்க்காத மரத்தில்தான் இருக்கிறது. காலையில் காற்று ஊர்ப்பக்கமிருந்து கடலுக்குப் போகிறது, அப்போது எனக்கு ஒன்றுமில்லை. உச்சிக்கு மேல் கடல்காற்று திரும்பினால் தோப்புத் தூள் முழுக்க நம் வீட்டுக்குத்தான். பட்டணத்து டாக்டர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தினவன் சொல்கிறானே என்று பார்க்காமல் முழுதும் கேட்டார். சீமையிலும் வசந்தம் வந்தால் இப்படி மரத்தூளுக்குத் தும்முகிறவர்கள் உண்டு, அந்த மரத்தை விட்டு விலகி இருங்கள், இதற்கு அதுதான் மருந்து என்றார். "அந்த மரம்தாங்க எனக்குச் சோறு போடுது" என்றேன். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து, எனக்கு வந்திருப்பது சீமைச் சீக்கு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "சீமைச் சீக்குக்கு நம்ம நொச்சி கேக்குமா, இல்ல கப்பல்ல எலை வரணுமா?" என்று கேட்டாள் உன் ஆத்தா.

நொச்சி கேட்டது, முழுதும் இல்லை, பாதி. மீதிப் பாதியை நாங்கள் இருவரும் பழகிப் பழகிக் கற்றுக்கொண்டோம். நீ அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன், ஆனால் இனி உனக்கென்று ஒரு வீடு வரப்போவதால் சொல்லிவைக்கிறேன். மாசி பங்குனியில் துணியை வெளியில் காயப்போடாதே, தாழ்வாரத்தில் கட்டிக்கொள். என் கதிதான் தெரியுமே. தோப்பில் வேலையிருந்தால் விடிந்ததும் முடித்துக்கொள், காற்று திரும்புமுன் வீட்டுக்குள் வந்துவிடு, கிழக்குப் பார்த்த ஜன்னலைச் சாத்து. தோப்புக்குள் போகும்போது ஈரத்துண்டை மூக்கோடு கட்டிக்கொள். ஆட்கள் உன்னைத் திருடன் என்பார்கள், சொல்லட்டும். வந்ததும் தலையோடு குளி, உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் மூக்கைக் கழுவு, கண்ணைக் கசக்காதே. கசக்கினால் இன்னும் கசக்கச் சொல்லும். நெஞ்சு இழுக்கிற மாதிரி இருந்தால் மட்டும் வீறாப்புப் பேசாமல் டாக்டரைப் பார். அது வேறு சமாசாரம். தும்மலோடு வாழலாம், மூச்சோடு விளையாடக் கூடாது. எனக்கு இந்த இரண்டு வருஷமாகக் கொஞ்சம் இழுக்கிறது. உன் ஆத்தாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன், இப்போது உனக்கும் சொல்லியாயிற்று.

இத்தனையும் தெரிந்தவன் அன்று என்ன செய்தேன் தெரியுமா? நீ வேலைக்குத் திருச்சிக்குக் கிளம்பினாயே, அந்த நாள். அதுவும் ஒரு பங்குனி. பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது, உனக்குத் திருநீறு பூச வேண்டும், எனக்கு மூக்கு நமநமவென்றது. முதல் முதலாக வேலைக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் தும்மலா வழியனுப்புவது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. சகுனத்தில் நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் பேசுகிறவனுக்குத்தான் பயம். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஓடி, வைக்கோற்போருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். வைக்கோல் தூசியில் இன்னும் பத்துத் தும்மல் கூடுதலாக வந்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் வண்டி குளத்தங்கரை திரும்பிவிட்டது. அப்பா எங்கே என்று நீ கேட்டதாகவும், உன் ஆத்தா தோப்பில் ஆள் வந்திருக்கிறது என்று சொன்னதாகவும், வண்டி ஏறின பிறகும் நீ திரும்பித் திரும்பிப் பார்த்ததாகவும் அவள் சொன்னாள். தோப்பில் யாரும் வரவில்லை தம்பி. நான் இருபது அடி தூரத்தில்தான் இருந்தேன். ஒரு தும்மலுக்குப் பயந்து நீ போவதைப் பார்க்காமல் விட்டேன். இப்போது அதே தும்மலுக்காக, நீ மாலையோடு உட்காருவதையும் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். ஒரு தடவை இழந்தாயிற்று. இனி முடியாது.

அதனால் முந்தாநாள் பந்தலுக்குக் கழியை நானே கறம்பக்குடிக்குக் கொண்டுபோனேன். இந்தக் கழிகளை மார்கழியிலேயே வெட்டிவிட்டேன், சவுக்கு பூக்கிறதற்கு முன்னால். பட்டை சீவி, கழுவி, கொட்டகைக்குள் காயவைத்தது. உன் கல்யாணப் பந்தலில் எவன் மூக்கிலும் ஒரு தூள் ஏறக்கூடாதென்றுதான். வண்டி போய் நின்றபோது பெரியப்பா வாசலில் தவில்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கழியைத் தடவிப் பார்த்து, "நல்லா வழுவழுன்னு சீவியிருக்கீங்க" என்றார். ஆட்களை இறக்கச் சொன்னார். நான் வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

"கழியும் நானும் ஒரே வண்டியில வந்திருக்கோம். எறக்குறதுன்னா ரெண்டையும் எறக்குங்க. இல்லாட்டி ரெண்டும் திரும்பிப் போகும்" என்றேன். கொஞ்சம் மிடுக்காகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒரு தும்மல் வந்து மிடுக்கைக் கெடுத்தது.

"கோவிச்சுக்காதீங்க. ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. இது தாலி சமாசாரம்" என்றார் அவர்.

"கெட்டிமேளம் எதுக்குங்க வச்சாங்க? தாலி ஏறுற நேரத்துல தும்மலோ இருமலோ காதுல விழுந்துறக் கூடாதுன்னுதான? அப்ப ஒரு தும்மக்காரன் பந்தல்ல இருப்பான்னு அந்தக் காலத்து ஆளுகளுக்கே தெரிஞ்சிருக்கு. அவங்க அவன வெளிய போகச் சொல்லல. மேளத்தக் கூப்புட்டாங்க."

தவில்காரர் தலையை ஆட்டினார். "நான் அடிச்சா கடலோரத்து மீமிசல்ல தும்முனாலும் கேக்காதுங்க" என்றார். பெரியப்பா சிரிக்கவில்லை. கழியின் மேல் கையை வைத்தபடி மெதுவாகச் சொன்னார். "எம் மகளுக்குத் தாலி ஏறுறப்பவும் மேளம் அடிச்சாங்க. அதையும் மீறி ஒருத்தன் தும்முனான், எங்காதுல விழுந்துச்சு. ரெண்டு வருசந்தான், தாலி போயிருச்சு. இப்ப வீட்டோட இருக்கா."

அதுவரைக்கும் நான் ஒரு வறட்டுப் பிடிவாதக்காரரோடு சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ அந்த ஒரு சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு இத்தனை நாளாக அலைந்திருக்கிறார். தும்மினவன் மேல் பழியைப் போடாவிட்டால் வேறு யார் மேல் போடுவார்? இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். "அந்தப் பிள்ள கல்யாணத்தன்னைக்கு எங்கிட்டு இருப்பா?"

அவர் எனக்கு ஒதுக்கின பின்வீட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அங்கே இடம் இல்லை தம்பி. அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

"நான் பந்தல்ல உக்காருவேங்க. தும்முவேன். எந் தும்மலுக்கு யாரும் சாகமாட்டாங்க, எந் தும்மலுக்குச் சாகுறதுன்னா எங்க ஊரு எப்பவோ காலியாயிருக்கணும். எங்கூட அந்தப் பிள்ளையையும் உக்கார வைங்க. கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்றேன்" என்றேன். அவர் கழியின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு வண்டிக்காரனைப் பார்த்து, "எறக்கு" என்றார். கழியை மட்டுமா, என்னையும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது உள்ளேயிருந்து சுக்குத் தண்ணீர் வந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லாமல் வந்தேன். வாய் நுனி வரை வந்தது, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அடக்கிக்கொண்டேன். மாப்பிள்ளையும் தும்முவான் என்பதைத்தான். திருச்சிக் காற்று உனக்கு ஒத்துப்போகிறது என்று எழுதுகிறாய், சந்தோஷம். மாசி பங்குனியில் லீவு போட்டு ஊருக்கு வரமாட்டாயா? நீ கட்டப்போகிற வள்ளிக்கண்ணு ஒரு நாள் உன் மூக்கைப் பார்க்கத்தான் போகிறாள். அப்போது உன் மடியிலும் ஒரு வெறும் டப்பா இருக்குமா? நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அதுவும் இந்த மூக்கோடு பிறந்து, அதற்கும் மீசை முளைத்தால், அதை எந்தப் பின்வீட்டில் கொண்டுபோய் வைப்பாய்? என் தும்மலை நான் சொல்லிவிட்டேன். உன் தும்மலைச் சொல்ல வேண்டியவன் நீ. பெரியப்பாவுக்கு ஒரு கார்டு எழுது. எனக்கும் இந்தத் தும்மல் உண்டு, அப்பா பந்தலில் இருப்பார், முறைக்கு எனக்கு மதினியாகிற உங்கள் மகளும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் மணவறையில் உட்கார மாட்டேன் என்று எழுது. கை நடுங்கினால் நடுங்கட்டும், மை தெறித்தால் தெறிக்கட்டும். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயப்படாதே. தும்மலைக் கேட்டு எழுந்துபோன உன் தாத்தா திரும்பி வந்து உட்கார்ந்ததால்தான் நீ இருக்கிறாய்.

உன் வேட்டி சட்டையை உன் ஆத்தா வீட்டுக்குள்ளேயே காயவைத்து மடித்துவிட்டாள். எனக்கும் புது அங்கவஸ்திரம், அதையும் வெளிக்காற்றில் காட்டவில்லை. தவில்காரரிடம் வரும்போது தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன், கையில் உள்ள பலத்தையெல்லாம் காட்டி அடிக்கச் சொல்லி. அவர் அடிக்கட்டும். நானும் என் பலத்தைக் காட்டுகிறேன். அன்று குளத்தங்கரை வரைக்கும் நீ திரும்பித் திரும்பிப் பார்த்தாய், நான் இல்லை. இந்தப் பங்குனியில் தாலியைக் கையில் எடுத்த பிறகு நீ திரும்பிப் பார்க்கவே வேண்டாம். நான் இருக்கிறேன் என்பது உனக்குக் கேட்கும்.

உன் அப்பா